இட்லித்தட்டில் ஒரு குழி தள்ளி

யுகேந்திரனுக்குக் கணிதத்தின் மேல் எந்தக் கோபமும் கிடையாது. கணிதத்துக்குத்தான் அவன் மேல் இருந்தது. இரண்டாம் செமஸ்டரில் ஆரம்பித்த அந்த ஒருதலைப் பகை, படிப்பு முடிந்த பிறகும் அரியர் என்ற பெயரில் அவனைத் தேடி வந்துகொண்டிருந்தது. அவனும் மரியாதைக்காக ஒவ்வொரு முறையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

அரியர் தேர்வு நடக்கும் நாளில் சேலத்தின் அந்தப் பொறியியல் கல்லூரியைப் பார்த்தால் கல்யாண மண்டபம் என்று நினைக்கத் தோன்றும். 'இதுவே கடைசி வாய்ப்பு' என்று பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் தவறாமல் அறிவிப்பதால், எந்தக் காலத்திலோ படித்தவர்களெல்லாம் வந்துவிடுவார்கள். தலைக்குச் சாயம் பூசியவர்கள், கைக்குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு வந்தவர்கள், வங்கியில் அரைநாள் விடுப்புப் போட்டு டை கட்டியபடியே வந்தவர்கள். கேள்வித்தாளைப் பிரித்ததும் எல்லாருக்கும் ஒரே வயது ஆகிவிடும்.

ஹாலுக்குள் போகுமுன் காதுக்குள் பாடிக்கொண்டிருக்கும் குயிலியைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். அதை வாங்கி வைப்பது அட்டெண்டர் மாதுவின் வேலை. இதற்கென்று பூட்டுப் பெட்டி வாங்கித் தரும்படி கல்லூரி நிர்வாகத்திடம் பல முறை கேட்கப்பட்டது. நிர்வாகம் ஆழ்ந்து யோசித்து, கேண்டீனிலிருந்து இட்லித்தட்டுகளை அனுப்பி வைத்தது. குயிலி கொண்டைக்கடலை அளவு. இட்லிக்குழியில் அழகாக உட்கார்ந்துகொள்ளும். ஆளுக்கொரு குழி. முதல் குழியைக் காட்ட ஒரு மஞ்சள் பொட்டு வைத்திருந்தார்கள் என்றும், அது எந்த வருடமோ கழுவும்போது போய்விட்டது என்றும் சொல்வார்கள்.

"என்னுது எத்தனாவது குழிங்கண்ணா?" என்றான் யுகேந்திரன்.

"கதவுல இருந்து மூணாவது."

"தட்டு வட்டமா இருக்குதேண்ணா. சுத்திச்சுன்னா?"

மாது அவனை இரக்கத்தோடு பார்த்தார். "தட்டுதான் சுத்தும் கண்ணு. கதவு அங்கயேதான் இருக்கும்."

இந்தப் பதிலில் ஏதோ பிழை இருப்பதாக யுகேந்திரனுக்குப் பட்டது. ஆனால் கணிதத் தேர்வுக்கு வந்த இடத்தில் வடிவியலைப் பற்றி வாதாடும் தகுதி தனக்கு இல்லை என்று உள்ளே போனான்.

முன் பெஞ்சில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தாள். நாற்பதை நெருங்கும் வயது, மடித்துவிட்ட சட்டைக் கை, பெரிய கைக்கடிகாரம். உட்கார்ந்ததுமே திரும்பி, "தம்பி, ஸ்கேல் இருந்தா குடு" என்று வாங்கிக்கொண்டாள். திருப்பித் தரவில்லை. கடினமான கணக்கு வரும்போதெல்லாம் அவளுடைய வலது கால் தரையை ஓங்கி மிதிப்பதை யுகேந்திரன் கவனித்தான். கணக்கைத் தவிர வேறு எதையும் கவனிக்கக்கூடிய மனநிலையில்தான் அவன் இருந்தான்.

தேர்வு முடிந்ததும் கதவிலிருந்து மூன்றாவது குழியிலிருந்ததை எடுத்துக் காதில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான்.

குயிலி வருவதற்கு முன்னால் மக்கள் எப்படி இசை கேட்டார்கள் என்பதை யுகேந்திரன் அதிர்ச்சியோடு கேள்விப்பட்டிருக்கிறான். யாரோ ஒருவர் ஒரு பாட்டைப் போடுவாராம். அதையே லட்சக்கணக்கானவர்கள் கேட்பார்களாம். ஒருவர் கடித்த மாங்காயை ஊரே கடிப்பதைப் போல. அவன் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது குயிலி வந்தது. அது காதுக்குள் உட்கார்ந்து நாடித்துடிப்பையும் மூச்சையும் பார்த்து, அந்த நொடியில் அந்த ஆளுக்கு என்ன வேண்டுமோ அதை அங்கேயே கட்டிப் பாடும். 'ஒரு காது, ஒரு பாட்டு' என்பது கம்பெனி வாசகம். நகல் எடுக்க முடியாது, பகிர முடியாது.

ஊர் அமைதியாகிவிட்டது. எந்த இசையமைப்பாளர் பெரியவர் என்று டீக்கடைகளில் நடந்த சண்டைகள் நின்றன. கோயில் திருவிழாக்களின் கூம்பு ஸ்பீக்கர்களில் மணிபிளான்ட் வளர்ந்தது. கல்யாணத்தில் ஐயர் கையைத் தூக்கியதும் ஒவ்வொருவர் காதிலும் அவரவருக்கான கெட்டிமேளம் ஒலித்தது. சிலருடைய மேளம் சற்றுத் தாமதமாக வந்ததால் அட்சதை தவணை முறையில் விழுந்தது. அடுத்தவர் குயிலியைக் காதில் போடுவது என்பது யாருக்கும் தோன்றாத காரியம். அடுத்தவர் பல்துலக்கியை யாராவது வாயில் வைப்பார்களா? அதனால் கம்பெனி அதற்குப் பூட்டும் போடவில்லை.

யுகேந்திரனுக்கு இசை என்றால் உயிர். அதாவது, அவனுடைய இசை. வழவழப்பாக, குளிர்ச்சியாக, எங்கும் முட்டாமல் ஓடும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். தன்னைப் போல இசையை ரசிப்பவன் சேலம் ஜில்லாவிலேயே இல்லை என்று நினைத்திருந்தான். சேலம் ஜில்லாவில் எல்லாரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

பஸ் கிளம்பியதும் காதில் வந்தது அதுவல்ல.

கரகரவென்று ஏதோ ஒரு வாத்தியம், எண்ணெய் போடாத சைக்கிள் செயினைப் போல இழுத்தது. பின்னால் ஒரு குரல் வார்த்தையில்லாமல் முனகியது. தேர்வை எழுதிய லட்சணத்தைக் குயிலி இசையாக மொழிபெயர்க்கிறது என்று யுகேந்திரன் முதலில் நினைத்தான். நியாயமாகவும் பட்டது. அப்புறம் தாளம் ஆரம்பித்தது. ஐந்து அடி. பிறகு ஒன்றுமே இல்லை. பாட்டு செத்துவிட்டது என்று அவன் காதைத் தொட்ட நொடியில், சற்றும் எதிர்பாராத இடத்திலிருந்து ஆறாவது அடி வந்து விழுந்தது.

யுகேந்திரன் மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டான். பிறகு சத்தமாகச் சிரித்துவிட்டான். பக்கத்தில் நின்றவர் சற்று நகர்ந்து நின்றார்.

அடுத்து என்ன வரும் என்று தெரியவில்லை. அவன் வாழ்க்கையில் இசை கேட்கும்போது அப்படி ஒரு நிலை வந்ததே இல்லை. ஐந்து ரோடு நிறுத்தத்தில் இறங்கும்போதுதான் உறைத்தது. இது தன்னுடையதல்ல. காதில் கிடப்பது வேறு யாருடையதோ.

உடம்பு கூசியது. கழற்றினான். சட்டையில் நன்றாகத் துடைத்தான். சுற்றும் முற்றும் பார்த்தான். மறுபடி போட்டுக்கொண்டான்.

ஐந்து ரோட்டில் குயிலி சர்வீஸ் கவுண்ட்டரில் அவனுடைய நண்பன் அப்சல் வேலை பார்த்தான். இருவரும் ஒரே வகுப்பு. அப்சல் எல்லாத் தாளிலும் முதல் முறையே தேறியவன்; அதனால் உடனே வேலை கிடைத்து, அன்றிலிருந்து நிம்மதியில்லாமல் இருந்தான்.

"கழட்டுடா மொதல்ல!" என்றான் அப்சல், விஷயத்தைக் கேட்டதும். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அசிங்கம் புடிச்சவனே. கஸ்டமர் இருக்காங்க."

"இருடா. இந்த இடம் முடியட்டும்."

"யாருதுன்னு தெரியுமா?"

"தெரியும்னு நினைக்கிறேன். முன்னாடி பெஞ்ச் அக்கா. எனக்கு முன்னாடி லைன்ல நின்னது அவங்கதான். தட்டு ஒரு குழி சுத்திருச்சு."

"அப்ப போய்க் குடு."

"குடுக்கிறேன். அவசரம் என்ன?"

அப்சல் கவுண்ட்டருக்கு மேல் குனிந்தான். "அவசரம் இருக்குடா. இது ரெக்கார்டு இல்ல. உள்ள பாட்டு எதுவும் ஸ்டோர் ஆகிக் கிடக்கல. அந்தம்மாவோட மனசு எப்படி எப்படிப் போகும்னு வருஷக்கணக்கா பழகி வச்சிருக்கு. இப்ப உன் காதுல இருக்கா, உனக்குப் பழக ஆரம்பிச்சிரும். புதுச் செருப்பு மாதிரி நினைக்காத. பழைய செருப்ப இன்னொருத்தன் போட்டு நடக்கிற மாதிரி. உன் கால் அச்சு விழ விழ, அவங்க அச்சு போயிரும்."

"எவ்வளவு நாள்ல?"

"நீ கேக்கிறதப் பொறுத்து. சும்மா கேட்டா மெதுவா. ரசிச்சுக் கேட்டா வேகமா."

"இது என்னடா அநியாயம்?"

"கம்பெனி இதுக்குப் பேரு தனிப்பயன் அனுபவம்னு வச்சிருக்கு."

"காப்பி எடுத்து வச்சிட்டு..."

"காப்பி எடுத்தா என் வேலை போயிரும். அப்புறம் நானும் உன் கூட அரியர் எழுத வந்துருவேன், பொழுதுபோக்குக்கு."

யுகேந்திரன் குயிலியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான். பெரிய உறுதியோடு வீட்டுக்குப் புறப்பட்டான். அந்த உறுதி பஸ் ஸ்டாண்டு வரை தாங்கியது.

அடுத்த சில நாட்களில் அவன் தன்னைப் பற்றிப் பல உண்மைகளைத் தெரிந்துகொண்டான். காலையில் ஒரே ஒரு முறை கேட்டுவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்வான். சாப்பிடும்போது ஒரு முறை. அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, ஏனென்றால் குழம்பு சரியில்லை. மாலையில் மழை வருகிற மாதிரி இருந்தது. மழைக்கு இது எப்படிப் பாடும் என்று தெரியாமல் எப்படித் திருப்பிக் கொடுப்பது? மழை வரவில்லை. அடுத்த நாளும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

பிடிக்காத இடங்களும் இருந்தன. நிறையவே. அந்தச் செயின் வாத்தியத்தை முதல் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். மூன்றாம் நாள் அது வராதபோது ஏன் வரவில்லை என்று தேடினான். ஒன்று பிடிக்காமல் இருந்து பிறகு பிடித்துப்போவது என்ற அனுபவம் அவனுக்குச் சாப்பாட்டில் பாகற்காயோடும், வாழ்க்கையில் அப்சலோடும் மட்டுமே வாய்த்திருந்தது. இசையில் அப்படி நடக்கும் என்று யாரும் சொன்னதில்லை. அந்த இசைக்குச் சொந்தக்காரியைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவள் பயந்தால் எப்படிப் பயப்படுவாள், பயம் தெளிந்ததும் எப்படிச் சிரிப்பாள் என்று தெரிந்தது. நீண்ட பொறுமை, திடீரென்று ஒரு திடுக், மறுபடி பொறுமை. யாருக்கு இப்படி மனசு ஓடும்? பாம்பு பிடிப்பவளாக இருக்கலாம் என்று ஒரு நாள் நினைத்தான். பிரசவம் பார்ப்பவளாக இருக்கலாம் என்று மறுநாள்.

ஒரு நாள் மாலை மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது அந்தத் தாளம் வந்தது. ஐந்து அடி. மௌனம். யுகேந்திரன் ஆசையோடு காத்திருந்தான். ஆறாவது அடி வந்தது.

அவன் எதிர்பார்த்த இடத்தில் வந்தது.

கையில் ஈரத் துண்டோடு அப்படியே நின்றான். இன்னொரு முறை விட்டுப் பார்த்தான். மறுபடியும் சரியாக, பணிவாக, அவன் மனசு தலையசைத்த இடத்திலேயே வந்து விழுந்தது. அந்தச் செயின் வாத்தியமும் எண்ணெய் போட்டாற்போல வழுக்கிக்கொண்டு போனது. ரசித்து ரசித்து அதைத் தன்னைப் போலவே ஆக்கிவிட்டிருந்தான். இன்னும் கொஞ்சம் ரசித்தால் முழுக்க யுகேந்திரனாகிவிடும். அந்த அக்கா இருந்த இடமே தெரியாது.

கழற்றினான். இந்த முறை பஸ் ஸ்டாண்டைத் தாண்டியும் போடவில்லை. காதில் எதுவும் இல்லாமல் நடந்தால் உலகத்தின் ஓசைகளிலெல்லாம் சங்கீதம் கேட்கும் என்று சிலர் சொல்வார்கள். யுகேந்திரன் கவனமாகக் கேட்டுப் பார்த்தான். சேலத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஒரு மிக்ஸி ஓடியது.

கல்லூரியில் மாது வராந்தாவில் இட்லித்தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாது அண்ணா, அன்னைக்கு எனக்கு முன்னாடி ஒரு அக்கா வந்தாங்கள்ல? பெரிய வாட்ச் கட்டிக்கிட்டு. எங்க இருப்பாங்கன்னு தெரியுமா?"

"தமயந்தியா? அஸ்தம்பட்டி பக்கம் டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்குது. வெற்றி டிரைவிங் ஸ்கூல். ஏன்?"

"குயிலி மாறிப்போச்சுண்ணா."

இந்தச் செய்தியால் மாது கொஞ்சமும் கலங்கவில்லை. தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அப்படிங்களா. பாட்டு எப்படி இருந்துச்சு?"

ஓர் அட்டெண்டர் கேட்கக்கூடிய கேள்வியாக அது இல்லை. யுகேந்திரன் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லா இருந்துச்சுண்ணா" என்றான்.

"ம்."

"உங்க காதுல ஒண்ணும் இல்லையே. நீங்க போடறது இல்லையா?"

"வாங்கினேன். சரிப்படல. நான் என்ன நினைக்கிறேனோ அதையே திருப்பிச் சொல்லுது. பிரின்சிபால்கிட்ட நான் பண்ற வேலைய எங்கிட்டப் பண்றதுக்கு எதுக்குங்க தம்பி ஒரு மிஷினு?"

தானாக ஓடும் கார்கள் சேலத்துக்கும் ஒரு முறை வந்தன. அதில் ஒன்று செவ்வாய்ப்பேட்டை மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவர்களுக்கு வழிவிட்டு நின்றது. நல்ல பண்புள்ள வண்டி. இன்னும் நிற்கிறது என்கிறார்கள். ஆகவே வெற்றி டிரைவிங் ஸ்கூலுக்கு வியாபாரம் குறையவில்லை. யுகேந்திரன் போனபோது வாசலில் சிவப்பு 'எல்' ஒட்டிய கார் நின்றது. முன்பக்கம் புதிதாக நசுங்கியிருந்தது. காரின் இடதுபக்க ஆசனத்தின் கீழேயும் ஒரு பிரேக் இருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நீண்ட பொறுமை, திடீரென்று ஒரு திடுக், மறுபடி பொறுமை. பாம்புமில்லை, பிரசவமுமில்லை.

தமயந்தி உள்ளே மேசையில் கணிதப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். அதன்மேல் அவனுடைய ஸ்கேல் இருந்தது.

"ஸ்கேலுக்காகவா இவ்வளவு தூரம் வந்த?" என்றாள்.

யுகேந்திரன் சட்டைப்பையிலிருந்து குயிலியை எடுத்து மேசைமேல் வைத்தான். அவள் முகம் மாறியது. எழுந்து கதவைச் சாத்தினாள்.

"அப்ப உன்னுதா அது?" என்றாள். "தயிர்சாதம்?"

"என்னக்கா?"

"உன் பாட்டுதான். நான் வர்றப்ப தட்டுல மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான், என்னுதுன்னு எடுத்துக்கிட்டேன். முதல் நாள் கேட்டதும் எனக்கு ஏதோ வியாதின்னு நினைச்சிட்டேன். மேடு பள்ளம் ஒண்ணுமே இல்ல. மனுசன் மனசு இப்படியா இருக்கும்? தயிர்சாதத்துல உப்புகூடப் போடல."

சேலம் ஜில்லாவின் தலைசிறந்த ரசிகன் வாயைத் திறந்து மூடினான்.

"அத மாட்டிக்கிட்டு வண்டியில உட்கார்ந்தேன் பாரு. ஒரு மாணவர், அறுபது வயசு, ரெண்டாவது கிளாஸ். எதிர்ல கரும்பு ஜூஸ் கடை வருது. எப்பவும் என் கால் தானா பிரேக்குக்குப் போயிரும். அன்னைக்குப் போகல. எனக்குப் பதட்டமே வரல தம்பி. கடை வருது, வருதுன்னு அழகா பார்த்துக்கிட்டே இருக்கேன். போய் முட்டியாச்சு. அதுக்கப்புறமும் பதட்டம் வரல. இறங்கி, ரெண்டு ஜூஸ் சொன்னேன்."

"யாருக்காவது அடி கிடி...?"

"வண்டிக்குத்தான். கடைக்காரர் இப்ப நம்ம ஸ்கூல்ல சேர்ந்துட்டாரு. வெளிய நிக்கிறத விட உள்ள உட்கார்றது பாதுகாப்புன்னு." அவள் கணிதப் புத்தகத்தை மூடினாள். "அன்னையில இருந்து வண்டிக்குப் போடறதில்ல. வீட்டுக்குப் போய்ப் போட்டுக்குவேன். எத்தன வருஷம் கழிச்சுக் கனவுல பிரேக் மிதிக்காமத் தூங்கினேன் தெரியுமா? பக்கத்துல எங்க வீட்டுக்காரரே கேட்டாரு, என்ன உதையே விழல, கோபமான்னு."

"அப்ப என்னுதும் மாறிப்போயிருக்கும்" என்றான் யுகேந்திரன். அப்சல் சொன்னதையெல்லாம் சொன்னான். சும்மா கேட்டால் மெதுவாக, ரசித்துக் கேட்டால் வேகமாக. நகல் கிடையாது. திரும்பாது. சொல்லச் சொல்ல அவள் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கியது.

"நீ ரசிச்சுக் கேட்டியா?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஆமாக்கா" என்றான்.

தமயந்தி மேசைமேல் கிடந்த குயிலியைப் பார்த்தாள். எடுக்கவில்லை.

"அதுல ஒண்ணு இருந்துச்சு" என்றாள். "என் பொண்ணு பொறந்தன்னைக்கு அதுவா கட்டுனது. நான் அந்த நாளை நினைச்சா மட்டும் வரும். வேற எப்பவும் வராது. நீ கேட்டிருக்க மாட்ட. நினைச்சாத்தான் வரும். அது இருக்கா போயிருச்சா?"

"தெரியலைக்கா."

"போயிருந்தா?"

யுகேந்திரன் புத்தகத்தின் மேலிருந்த ஸ்கேலை நேராக்கி வைத்தான்.

அவள் குயிலியை எடுத்துக் காதில் வைத்தாள். கண்ணை மூடினாள். சுவரில் கடிகாரம் இருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தான். முதலில் ஒன்றுமில்லை. பிறகு புருவம் லேசாக உயர்ந்தது. உதடு அசைந்தது. நடுவில் ஓர் இடத்தில் நெற்றி சுருங்கி, வலது கால் தரையை மிதித்தது. கால் அங்கேயே அழுத்திக்கொண்டிருந்தது. அப்புறம் மெதுவாகத் தளர்ந்தது.

அவள் கண்களைத் திறந்தபோது அவை நனைந்திருந்தன.

"இருக்கு" என்றாள். "ஆனா நடுவுல ஒரு இடத்துல மாறியிருக்கு. வழவழன்னு. யாரோ வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி."

"சாரிக்கா. நான் உடனே கொண்டுவந்து குடுத்திருக்கணும். ஒரு தடவை, ஒரு தடவைன்னு..."

"சொல்லி முடிச்சிக்கிறேன், இரு. அன்னைக்கு ஆஸ்பத்திரியில எனக்குன்னு வெளிய ஒருத்தரும் இல்ல. வீட்டுக்காரர் லோடு ஏத்திக்கிட்டு நாக்பூர் தாண்டிப் போயிட்டாரு. மாமியாருக்குக் கால்ல கட்டு. நர்சு வந்து, கூட யாரும்மா இருக்காங்கன்னு கேட்டாங்க. அந்தப் பாட்டுல அந்த இடம் காலியாத்தான் இருக்கும். ஒவ்வொரு தடவையும் அங்க வந்தா எனக்கு ஒரு மாதிரி ஆயிரும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப அங்க ஒரு பையன் உட்கார்ந்திருக்கான். ஒண்ணுக்கும் உதவாதவன் மாதிரிதான் தெரியுது. இருந்தாலும் வெளிய பெஞ்சில உட்கார்ந்திருக்கான். உட்கார்ந்துட்டுப் போறான், விடு."

அவள் தன் பையிலிருந்து அவனுடைய குயிலியை எடுத்துக் கொடுத்தாள். அவன் போட்டுக்கொண்டான். பழைய குளிர்ச்சி, பழைய வழவழப்பு. சரிதான், தயிர்சாதம்தான். வெட்கமாக இருந்தது. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து, அந்தத் தயிர்சாதத்தில் யாரோ பச்சை மிளகாயைக் கிள்ளிப் போட்டிருப்பது தெரிந்தது. எதிர்பார்க்கவே இல்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது.

"எப்படி இருக்கு?" என்றாள் அவள்.

"உப்பு போட்டிருக்கீங்கக்கா."

வெளியே கரும்பு ஜூஸ் கடைக்காரர் வகுப்புக்கு வந்துவிட்டார். வரும்போதே இரண்டு டம்ளரும் கொண்டுவந்திருந்தார். யுகேந்திரன் குடித்துக்கொண்டே கேட்டான்: "அக்கா, எதுக்கு நீங்க இன்னும் அரியர் எழுதறீங்க? நல்லாத்தானே இருக்கீங்க?"

"எங்க மாமியார், மருமக இன்ஜினியருன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிட்டாங்க. நல்ல மனுசி. இந்த வயசுல அவங்களப் பொய்க்காரி ஆக்கக் கூடாதுல்ல?"

"அந்தத் தாளம் இருக்குதே, அஞ்சு அடிச்சு நின்னு, அப்புறம் ஆறாவதா ஒண்ணு விழுமே. அது பிரேக்தானே?"

தமயந்தி டம்ளரை வைத்தாள். "அது என்னுதே இல்லையே."

"உங்க குயிலியிலதானே இருக்கு?"

"இருக்கு. ஆனா நான் அப்படி இல்ல. போன வருஷப் பரீட்சையில ரெண்டு தாளுக்கு நடுவுல என் பாட்டே யாருதோ மாதிரி இருந்துச்சு, அடுத்த தாள் எழுதினதும் சரியாயிருச்சு. அதுக்கப்புறம் இது மட்டும் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கிச்சு. முதல்ல எரிச்சலா இருந்துச்சு. இப்ப இத்தன நாள் அது இல்லாம வண்டி எடுத்ததே கஷ்டமா இருந்துச்சு."

யுகேந்திரனுக்கு ஏதோ நெருடியது. ஆனால் ஜூஸில் இஞ்சி தூக்கலாக இருந்ததால் கவனம் அந்தப் பக்கம் போய்விட்டது.

அடுத்த கணிதத் தாள் அன்று மாது வழக்கம் போல இட்லித்தட்டுகளோடு நின்றார். கதவும் அங்கேயேதான் இருந்தது. யுகேந்திரன் குயிலியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனான். தமயந்தி முன் பெஞ்சிலிருந்து திரும்பி, "ஸ்கேல் வேணுமா?" என்று அவனுடைய ஸ்கேலைக் காட்டினாள்.

கேள்வித்தாள் வந்தது. ஹால் முழுக்க அந்தப் பழைய மௌனம். மேற்பார்வைக்கு வந்த பேராசிரியை ஜன்னலோரம் போய் நின்றார். முதல் கேள்வியை யுகேந்திரன் படித்தான். முதல் கேள்வியும் அவனைப் படித்தது. இருவரும் ஒருவரையொருவர் விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. யோசிப்பதாகக் காட்டிக்கொள்ள விரலால் பெஞ்சைத் தட்டினான். தட்டிய பிறகுதான் என்ன தட்டினோம் என்று தெரிந்தது.

ஐந்து அடி.

மௌனம்.

முன் பெஞ்சில் ஒரு கால் தரையை மிதித்தது. ஆறாவது.

தமயந்தியின் தோள் குலுங்கியது. யுகேந்திரன் விடைத்தாளால் வாயை மூடிக்கொண்டான். கருவி இல்லாமல் இரண்டு பேர் ஒரே இசையை ஒரே நேரத்தில் வைத்திருப்பது எப்படி இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. காதிலே கேட்பது போலவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் கையால் சோறு வாங்கிச் சாப்பிடுவது போல இருந்தது.

அப்போது கடைசி வரிசையிலிருந்து இன்னொரு சத்தம் வந்தது. பேனா மூடியால் மேசையில். டக்-டக். இரண்டு சின்னத் தட்டு.

யுகேந்திரன் திரும்பினான். டை கட்டிய வங்கிக்காரர், கையில் பேனா மூடியோடு, பேயறைந்ததைப் போல அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு தட்டு யுகேந்திரனுக்குத் தெரியாதது. தமயந்திக்கும் தெரியாதது என்று அவள் திரும்பிய வேகத்தில் தெரிந்தது. தாளத்துக்கு ஒரு வால் இருந்திருக்கிறது. ஒட்டிப் பார்த்தால் அவ்வளவு பொருத்தமாக இருந்தது.

"அங்க என்ன சத்தம்?" பேராசிரியை விரைந்து வந்தார். "மூணு பேருக்கு ஒரே தாளம் எப்படி வரும்? சிக்னலா? பேப்பரைக் குடுங்க."

மூன்று விடைத்தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீண்ட நேரம் ஆராய்ந்தார். மூவரும் மூன்று வெவ்வேறு விதமாகத் தவறாக எழுதியிருந்தார்கள். காப்பி அடித்ததற்கான முகாந்திரமே இல்லை. அவர் ஏமாற்றத்தோடு தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் போனார். போகும்போது அவருடைய செருப்பு ஐந்து முறை தட்டி நின்றதாக யுகேந்திரனுக்குத் தோன்றியது. தோற்றமாகவும் இருக்கலாம்.

அவன் வராந்தாப் பக்கம் பார்த்தான். அங்கே மாது இட்லித்தட்டுகளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். பிறகு, வெந்துவிட்டதா என்று பதம் பார்ப்பவரைப் போல ஒரு விரலை விளிம்பில் வைத்து, தட்டை மெல்ல ஒரு குழி தள்ளிவிட்டார்.

யுகேந்திரன் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். கையைக்கூடத் தூக்கினான். "என்ன, அடிஷனல் ஷீட்டா?" என்றார் பேராசிரியை, நம்பிக்கையே இல்லாமல். "ஆமா மேடம்" என்று வாங்கிக்கொண்டான்.

மணி அடித்ததும் கும்பலோடு கும்பலாக வெளியே வந்தான். கதவிலிருந்து மூன்றாவது குழியிலிருந்ததை எடுத்தான். மாது மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். யுகேந்திரனும் அவரை ஒன்றும் கேட்காமல் அதைக் காதில் போட்டுக்கொண்டான்.

சகிக்கவில்லை. தகர டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டு உருட்டுவது மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் பிடித்துவிடும் என்று யுகேந்திரன் நிம்மதியாக பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தான்.